91 பேரும் விழுந்த கம்பெனி: கால்டுவெல் கவுண்டியின் போர்க்கணக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க் களத்தில், தெற்குப் பக்கம் நின்ற வடக்குக் கரோலினா மாநிலத்தின் ஒரு மலையடிவாரக் கவுண்டியிலிருந்து (மாவட்டம் போன்ற பகுதி) போன படைக் கம்பெனி ஒன்றில் 91 பேர் இறங்கி, 91 பேருமே இறந்தோ காயப்பட்டோ விழுந்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. அது நம்பத்தக்கதுதானா, அந்தக் கவுண்டி போர் முழுவதிலும் எத்தனை பேரைப் பறிகொடுத்தது என்பவை கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை: பெரும்பாலும் நம்பலாம். இரண்டாவது கேள்விக்கு அப்படி ஒற்றை எண்ணில் விடை சொல்லிவிட முடியாது. யாரை அந்த ஊர்க்காரர் என்று எடுத்துக்கொள்கிறோம், எந்தச் சாவைப் போர்ச்சாவு என்று எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். அதோடு, எல்லோரும் பேசுகிற அந்த ஒரு நாளைவிட, யாரும் பேசாத மாதங்கள்தான் அங்கே அதிக உயிர்களைக் கொண்டுபோயின என்பது என் கணிப்பு. அதற்கான காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

கவுண்டியின் பெயர் கால்டுவெல். தமிழ் வாசகருக்கு உடனே ஒப்பிலக்கணம் எழுதிய இராபர்ட் கால்டுவெல் நினைவுக்கு வருவார். இந்தப் பெயர் அவருடையதன்று, வடக்குக் கரோலினாப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக இருந்த ஜோசப் கால்டுவெல்லுடையது. 1841இல் உருவான இந்தக் கவுண்டி, புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. தலைமையூர் லெனோர். 1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 7,497 பேர். அவர்களில் வெள்ளையர் 6,295, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோர் 1,088, அடிமையல்லாத கறுப்பினத்தவர் 114. யாட்கின் ஆற்றங்கரையின் வளமான நிலங்களில் அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்திய சில பெரிய குடும்பங்கள் இருந்தன. மேலே மலை இடுக்குகளில் சோளமும் பன்றியுமாகத் தங்கள் கையாலேயே உழைத்துப் பிழைத்த குடும்பங்களே மிகுதி. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

இந்த எண்களிலிருந்தே ஒரு தோராயக் கணக்குப் போடலாம். வெள்ளையரில் பாதிப்பேர் ஆண்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பதினெட்டுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள் என்று கொண்டால், ஆயுதம் ஏந்தத்தக்க ஆண்கள் ஏறத்தாழ 1,100 முதல் 1,200 பேர் வரை. இது என் ஊகக் கணக்கு, ஆவணத்தில் உள்ள எண் அன்று. ஆனாலும் இனி வரும் ஒவ்வோர் இழப்பையும் இந்த ஆயிரத்துச் சொச்சம் பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோகும் விஷயத்தில் வடக்குக் கரோலினா முந்திக்கொண்டு குதித்த மாநிலம் அன்று. 1861 பிப்ரவரி 28 அன்று, அதைப் பற்றி முடிவெடுக்க ஒரு மாநாடு கூட்டலாமா என்று மக்களிடம் கேட்டபோது, வேண்டாம் என்றவர்கள் 47,323 பேர், வேண்டும் என்றவர்கள் 46,672 பேர். ஏப்ரலில் ஒன்றியப் படையிடம் இருந்த சம்டர் கோட்டை தெற்கால் தாக்கப்பட்டு, லிங்கன் 75,000 ஆட்களைக் கேட்ட பிறகுதான் காற்றுத் திசை மாறியது. மே 20இல் மாநிலம் பிரிந்தது. லெனோரில் அதற்கு முன்பே ஆள் சேரத் தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் படை திரட்டப்பட்ட முறையைப் புரிந்துகொள்ளாமல் 91 பேர் விஷயத்தைப் புரிந்துகொள்ள முடியாது. நூறு பேர் அளவுள்ள கம்பெனிதான் அடிப்படை அலகு. ஊரில் மதிப்புள்ள ஒருவர் முன்நின்று பெயர் கொடுக்கச் சொல்வார்; அண்ணன், தம்பி, மாமன் மகன், பக்கத்து மேட்டுக்காரன், ஒரே தேவாலயத்துக்குப் போகிறவன் என்று ஒரு கொத்தாகச் சேருவார்கள்; அதிகாரிகளைத் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். இப்படிப் பத்துக் கம்பெனிகள் சேர்ந்தால் ஒரு ரெஜிமென்ட். கால்டுவெல்லின் முதல் கம்பெனி 22ஆம் ரெஜிமென்டின் 'ஏ' கம்பெனி ஆனது. அடுத்தவை 26ஆம் ரெஜிமென்டில் 'எஃப்' என்றும் 'ஐ' என்றும் பெயர் பெற்றன. 'எஃப்' கம்பெனி தனக்கு வைத்துக்கொண்ட பெயர், லெனோரை ஒட்டி நிற்கும் ஹிப்ரிட்டன் மலையின் பெயரால் ஹிப்ரிட்டன் கார்ட்ஸ். தெரிந்தவர்களோடு சேர்ந்து நிற்பதில் ஒரு தைரியம் இருந்திருக்கும். ஆனால் அப்படி ஒரே வரிசையில் நிற்கும்போது எதிரியின் ஒரு சரமாரி ஒரே பள்ளத்தாக்கின் பாதி வீடுகளுக்குள் போய் விழும்.

1863 ஜூலை 1 அன்று பிற்பகலில் அதுதான் நடந்தது. பெட்டிகுரூ தளபதியாக இருந்த பிரிகேடில், அதாவது சில ரெஜிமென்ட்கள் சேர்ந்த படையில், 26ஆம் ரெஜிமென்ட் இருந்தது. அதன் கர்னல் ஹென்றி பர்க்வினுக்கு வயது 21. கெட்டிஸ்பர்க் ஊருக்கு மேற்கே கோதுமை வயல் ஒன்றைக் கடந்து, வில்லோபி ஓடை என்ற சிற்றோடையில் இறங்கி ஏறி, எதிரே இருந்த மரக்காட்டுக்குள் அவர்கள் போக வேண்டியிருந்தது. ஓடைக்கரை முட்புதர், அதில் வரிசை கலைந்து, மறுகரையில் மீண்டும் கூடும்போது, காட்டுக்குள் காத்திருந்தது வடக்குப் படையின் பெயர்பெற்ற இரும்புப் பிரிகேடைச் சேர்ந்த 24ஆம் மிச்சிகன் ரெஜிமென்ட். இருபது முப்பது தப்படி தூரத்தில் நின்று இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டார்கள் என்றால், குறி பார்க்கவே தேவையில்லை. ரெஜிமென்டின் கொடியை ஏந்தியவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். கொடியைக் கையில் எடுத்த பர்க்வின் மார்பில் குண்டு பாய்ந்து விழுந்தார், அன்றே இறந்தார். அதைப் பின்னர் எடுத்த லெப்டினன்ட் கர்னல் ஜான் லேன்தான் பதினான்காவது ஆள். அவர் கழுத்தையும் தாடையையும் குண்டு துளைத்தது. அவர் பிழைத்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1903இல், அதே களத்தில், தன்னைச் சுட்டதாகச் சொல்லப்பட்ட மிச்சிகன்காரரோடு கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டார். எதிரே நின்ற அந்த மிச்சிகன் ரெஜிமென்டும் அன்று 496 பேரில் 363 பேரை இழந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'எஃப்' கம்பெனி கொடியை ஒட்டிய இடத்தில் நின்றது. கொடியைக் குறிவைத்து வந்த தோட்டாக்களில் மிச்சமெல்லாம் அவர்களுக்குத்தான். கேப்டன் ரோமுலஸ் டட்டில் தானும் அங்கே காயப்பட்டவர். அவர் வழியாக வந்த கணக்கின்படி, மூன்று அதிகாரிகளும் 88 வீரர்களும் களமிறங்கினார்கள். 31 பேர் அங்கேயே இறந்தார்கள் அல்லது அந்தக் காயத்தால் பின்னர் இறந்தார்கள். மற்ற 60 பேர் காயப்பட்டார்கள். கம்பெனியில் மூன்று இரட்டையர் ஜோடிகள் இருந்தன, அந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தவர்களில் அடக்கம். எழுந்து நின்று ஆள்கணக்கு ஒப்புவிக்க முடிந்தவர் ஒரே ஒரு சார்ஜென்ட். அவரும் பீரங்கிக் குண்டு வெடித்த அதிர்ச்சியில் கீழே விழுந்து எழுந்தவர்தான். 'காயப்பட்டவர்' என்ற பட்டியலில் இப்படிப்பட்டவரும் உண்டு, கால் இழந்தவரும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 91க்கு 91 என்ற எண் முதலில் தோன்றுகிற அளவுக்கு நம்பமுடியாததாக இராது. அது முதல் நாள் ஒன்றிலேயே நடந்ததா, மூன்றாம் நாள் நடந்த பெருந்தாக்குதலையும் சேர்த்தா என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் வேறுபடுவார்கள்; பெரும்பகுதி முதல் நாள் மாலைக்குள் முடிந்துவிட்டது.

இந்த எண்ணை நான் நம்புவதற்கு இன்னொரு காரணம், ரெஜிமென்டின் மொத்தக் கணக்குப் பின்னாளில் எப்படி மாறியது என்பது. போருக்குப் பிறகு அச்சான பழைய கணக்கில் 26ஆம் ரெஜிமென்டின் கெட்டிஸ்பர்க் இழப்பு, இறந்தோர் 86, காயப்பட்டோர் 502 என்று இருந்தது. பிற்கால ஆய்வாளர்கள் ஒவ்வொரு பெயராகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, களமிறங்கிய ஏறத்தாழ 840 பேரில் இறந்தோர் 172, காயப்பட்டுப் பிழைத்தோர் 443, சிறைப்பட்டோர் 72 என்று ஆனது. இறந்தோர் எண்ணிக்கை சரியாக இருமடங்கு! யாரும் பொய் எழுதவில்லை. முதல் கணக்கு களத்தில் எழுதப்பட்டது. இரண்டாவது, மருத்துவமனைகளிலும் சிறை முகாம்களிலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடந்த சாவுகளையும் சேர்த்தது. ஒரு கவுண்டியின் இழப்பைப் பற்றி எந்த எண்ணைப் பார்த்தாலும், இது எந்தத் தேதியில் மூடப்பட்ட கணக்கு என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இனி, அதிகம் பேசப்படாத பக்கத்துக்கு வருகிறேன். இந்தப் பையன்கள் முதலில் எதிர்கொண்ட எதிரி தட்டம்மை. 1861 இலையுதிர்காலத்தில் 26ஆம் ரெஜிமென்ட் மாநிலத்தின் கடற்கரையில், போக் பேங்க்ஸ் என்ற மணல்தீவில் முகாமிட்டிருந்தபோது, ஒரு தோட்டாவும் சுடப்படும் முன்பே, அம்மை கூடாரம் கூடாரமாகப் பரவியது. நகரத்தில் வளர்ந்தவன் பிள்ளைப் பருவத்திலேயே அம்மை கண்டு தேறியிருப்பான். மலையில் தனித்தனிப் பண்ணை வீடுகளில் வளர்ந்தவனுக்கு அந்த நோய் அதுவரை தொட்டதே இல்லை. இருபது வயதில், ஈரக் கூடாரத்தில், ஆயிரம் பேர் நடுவில் அது முதல் முறையாகத் தொற்றியது. அம்மை இறங்கிய பின் வரும் நிமோனியாதான் பலரைக் கொன்றது. அடுத்து டைபாய்டு, அதை அடுத்துப் போர் முடியும்வரை விடாத வயிற்றுப்போக்கும் சீதபேதியும். கிராமப்புறக் கவுண்டிகள் நகரங்களைவிட அதிகம் நோய்க்குப் பலியானதன் காரணம் இதுதான்; மலைக்காரனின் உடல்வலிமை பற்றிய பெருமைப் பேச்சு இந்த இடத்தில் எதிர்மாறாக வேலை செய்தது.

கால்டுவெல்காரர்கள் சேர்ந்த 58ஆம் ரெஜிமென்டின் கதை இன்னும் குறைவாகவே தெரியும், ஏனென்றால் அது வர்ஜீனியாவில் சண்டையிடவில்லை. 1862இல் திரட்டப்பட்ட அந்த ரெஜிமென்ட் டென்னசி எல்லையின் கம்பர்லாந்துக் கணவாயில் காவல் இருந்தபோது காய்ச்சலாலும், ஆட்கள் வீடு நோக்கி நழுவியதாலும் கரைந்துகொண்டே வந்தது; 1863 செப்டம்பர் 20இல் சிக்கமாகா போரில் மிச்சமிருந்தவர்களில் பாதியளவு அடிபட்டார்கள். 22ஆம் ரெஜிமென்ட்டோ செவன் பைன்ஸ் போர் தொடங்கி கடைசி வரை தெற்கின் தளபதி லீயின் படையோடு தேய்ந்தது. சிறைப்பட்டவர்கள் மேரிலாந்தின் பாயின்ட் லுக்அவுட், நியூயார்க்கின் எல்மைரா போன்ற முகாம்களுக்குப் போனார்கள். எல்மைராவில் அடைக்கப்பட்ட சுமார் 12,000 பேரில் ஏறத்தாழ 3,000 பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். ஊரில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி பல மாதம் கழித்து, சில வீடுகளுக்கு எவனாவது உயிரோடு திரும்பி வந்து சொன்ன பிறகே தெரிந்தது.

யாரை ஊர்க்காரப் படைவீரர் என்று எண்ணுவது என்ற சிக்கலுக்கு 'எஃப்' கம்பெனியின் பட்டியலிலேயே ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. 1862 மார்ச்சில், கிராண்ட்ஃபாதர் மலைப் பக்கத்திலிருந்து கீத் பிளாலாக் என்பவர் வந்து சேர்ந்தார். கூடவே அவர் தம்பி என்று சொல்லிக்கொண்டு சாமுவேல் பிளாலாக். கீத் மனத்தளவில் வடக்குப் பக்கத்தவர். கட்டாயத்துக்காகச் சேர்ந்து, வாய்ப்புக் கிடைத்தால் எதிர்ப்பக்கம் தாண்டிவிடலாம் என்று இருந்தார். அது நடக்காது என்று தெரிந்ததும், தோலைக் கொப்பளிக்க வைக்கும் ஒரு நச்சுச்செடியின் புதரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டார். மருத்துவர்கள் பார்த்துவிட்டு அவரை அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அந்தத் தம்பி அதிகாரியிடம் போய், தான் ஆணே அல்ல, கீத்தின் மனைவி மலிண்டா என்று சொன்னார். ஒரு மாதப் பணியோடு அவரும் விடுவிக்கப்பட்டார். பின்னர் இருவரும் மலைக்குள் பதுங்கி வடக்குக்கு ஆதரவான கொரில்லாக் குழு நடத்தினார்கள். கவுண்டியின் குளோப் பள்ளத்தாக்கில், 26ஆம் ரெஜிமென்டுக்குப் பிள்ளைகளைக் கொடுத்த ஒரு குடும்பத்தின் வீட்டையே தாக்கினார்கள். அந்த மோதல்களில் மலிண்டாவுக்குத் தோளில் காயம், கீத்துக்கு ஒரு கண் போயிற்று. பட்டியலை இயந்திரம்போல் எண்ணினால், இவர்கள் இருவரும் கால்டுவெல் அனுப்பிய தென்படை வீரர்கள்!

பிளாலாக் தம்பதி விதிவிலக்கு, ஆனால் அவர்களை அப்படிச் செய்யவைத்த நெருக்கடி விதிவிலக்கு அன்று. 1862 ஏப்ரலில் வந்த கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் 18 முதல் 35 வயதுக்காரர்களைப் பிடித்தது, செப்டம்பரில் 45 வரை நீண்டது, 1864இல் 17 முதல் 50 வரை ஆனது. இதற்கிடையே, 1862 அக்டோபரிலேயே, இருபது அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளை ஆணை விட்டுவைக்கலாம் என்று சலுகை வந்தது. மலை இடுக்கில் இருந்தவனுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரியாகப் போயிற்று. உழுவதற்கு ஆண் இல்லாத வீட்டில் மனைவி கடிதம் எழுதினால், கணவன் நடந்தே ஊர் திரும்பினான். அப்படித் திரும்பியவனை ஊர்க்காவல் படை தேடியது. இவர்களில் சிலர் தம் சொந்தக் கவுண்டியிலேயே சுடப்பட்டு இறந்தார்கள். இவர்கள் பெயர் எந்த நினைவுச்சின்னத்திலும் இல்லை. பட்டியலில் 'ஓடிப்போனவர்' என்பதோடு வரி முடிந்துவிடுகிறது.

அடிமைகளாக இருந்த 1,088 பேரைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். எசமானர்களின் பணியாளாக முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களும், கோட்டை கட்டவும் அகழி வெட்டவும் பிடித்துப் போகப்பட்டவர்களும் படைப் பட்டியலில் வரமாட்டார்கள். வடக்குக் கரோலினாவிலிருந்து வடக்குப் படையின் கறுப்பினப் பிரிவுகளில் சேர்ந்தவர்கள் 5,035 பேர் என்று கணக்கு உண்டு. பெரும்பாலோர் வடக்குப் படை பிடித்துவைத்திருந்த கடற்கரைப் பகுதியினர்.

1865 மார்ச் கடைசியில் வடக்குத் தளபதி ஸ்டோன்மனின் குதிரைப்படை மலையிறங்கி வந்து, கவுண்டியில் இருந்த பேட்டர்சன் பருத்தி ஆலையைக் கொளுத்தியது. ஏப்ரலில் நூற்றுக்கணக்கான கைதிகளோடு லெனோருக்குள் வந்து சில நாள் தங்கியது. போர் அந்த ஊருக்குள் நேராக வந்தது அவ்வளவுதான்.

மொத்த எண்ணுக்கு வருவோம். வடக்குக் கரோலினாவில் இறந்தோர் 40,275 என்று நெடுநாள் சொல்லப்பட்டது. போருக்குப் பின் 1866இல் வெளியான அரசு அறிக்கையின் எண் அது. களத்தில் இறந்தோர் 14,522, காயத்தால் இறந்தோர் 5,151, நோயால் இறந்தோர் 20,602 என்று அது பிரியும். பாதிக்கு மேல் நோய் என்பதைக் கவனியுங்கள். கால்டுவெல்லுக்கும் இதே விகிதம் பொருந்துமென்றால், கெட்டிஸ்பர்க்கின் அந்த 31 பேரைப்போல் இன்னும் பல மடங்கு பேர் படுக்கையில் செத்திருக்க வேண்டும். ஆனால் இந்த அறிக்கையே தென்மாநிலங்களின் முழுமையற்ற பட்டியல்களை வைத்துச் செய்தது. அதில் வர்ஜீனியாவுக்கு வெறும் 14,794 என்று இருப்பதைப் பார்த்தாலே குறை தெரியும். பட்டியல் ஒழுங்காக மிஞ்சிய மாநிலம் அதிகம் இழந்ததாகத் தோன்றியது. அதை வைத்து வடக்குக் கரோலினாக்காரர்கள் நூறாண்டுக்கு மேல் பெருமை பேசினார்கள். அண்மையில் பெயர் பெயராக மறுபடி எண்ணியபோது மாநில எண் 35,000ஐ ஒட்டி இறங்கியது, வர்ஜீனியாவின் எண் இருமடங்காக ஏறியது. போர் முழுமைக்கும் 6,20,000 என்று பாடப்புத்தகத்தில் நின்ற எண்ணையும், மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 7,50,000 வரை இருக்கலாம் என்று 2011இல் திருத்தினார்கள். பின்னர் வந்த ஒரு கணக்கீடு அதை 7,00,000க்கு அருகே கொண்டுவந்தது.

ஆகவே கால்டுவெல்லுக்கு நீங்களே கணக்கெடுக்க விரும்பினால் ஒரே பட்டியலை நம்பாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதப்பட்ட ஆள்வருகைப் பட்டியலில் தொடங்கி, 1860, 1870 கணக்கெடுப்புகளில் அதே பெயர் இருக்கிறதா, வேறு கவுண்டிக் கம்பெனியில் சேர்ந்தவர் உண்டா என்று பார்க்க வேண்டும். 37ஆம் ரெஜிமென்டில் சேர்ந்து 1862 செப்டம்பரில் ஆக்ஸ் ஹில் சண்டையில் ஒரு காலை இழந்த வால்டர் லெனோர் இந்தக் கவுண்டியின் பழங்குடும்பத்தவர். 22, 26, 58 என்று மட்டும் தேடினால் அவர் கிடைக்கமாட்டார். கல்லறைகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது: கெட்டிஸ்பர்க்கிலிருந்து 1871இல் தோண்டியெடுத்து மாநிலத் தலைநகர் ராலேயின் ஓக்வுட் இடுகாட்டில் மறுபடி புதைத்த 137 பேரில், வடக்குக் கரோலினாக்காரர் என்று கல் நடப்பட்டிருந்த ஒருவர் உண்மையில் மினசோட்டாவிலிருந்து வந்த வடக்குப் படை வீரர் என்று இந்த நூற்றாண்டில்தான் தெரியவந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் சொல்வது, ஓய்வூதிய மனுக்கள். 1885இல் மாநிலம் ஊனமுற்ற ஏழை வீரர்களுக்கும் போரில் கணவனை இழந்த ஏழைப் பெண்களுக்கும் ஆண்டுக்கு 30 டாலர் என்ற அளவில் ஓய்வூதியம் தரத் தொடங்கியது. கணவன் எங்கே, எந்தக் கம்பெனியில், எதனால் இறந்தான் என்று அந்தப் பெண் சொல்ல வேண்டும், அதை அறிந்தவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். படைப் பட்டியலில் 'காயம்', 'காணவில்லை' என்று நின்றுபோன ஒரு வரி, இருபது ஆண்டு கழித்து இந்தத் தாளில் சாவாக எழுதி முடிக்கப்பட்டிருக்கும். மறுமணம் செய்துகொண்ட பெண்ணுக்கு ஓய்வூதியம் இல்லை என்பதால், அவளுடைய முதல் கணவனைப் பற்றி இங்கேயும் எதுவும் கிடைக்காது. அத்தகைய பெயர்களை 1870 கணக்கெடுப்பில்தான் தேட வேண்டும், வேறொருவன் வீட்டில் வேறு குடும்பப்பெயரோடு எண்ணப்பட்டிருக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளை வைத்து.